வாடும் ஆர்க்கிடைத் தண்ணீரில் தேற்றுவது எப்படி: அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

மாடி வீட்டு அக்கா போன ஆடி மாதம் ஒரு ஆர்க்கிட் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐந்து இலைகள். ஐந்தும் நனைந்த தோல் செருப்பு மாதிரி தொய்ந்து தொட்டி விளிம்பில் தொங்கின. "தம்பி, தினமும் தண்ணி ஊத்தறேன். அப்பவும் வாடுது. இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்தணுமா?" என்று கேட்டார்.

தொட்டியைக் கவிழ்த்தோம். புளித்த கழுநீர் வாடை அடித்தது. வேரைச் சுற்றிக் கைப்பிடி அளவுக்கு, மண்ணுக்குப் பதிலாகத் தொட்டியில் அடைக்கிற பாசி உருண்டை ஒன்று, பிழிந்தால் சொட்டுகிற ஈரத்தோடு. ஒரு வேரை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மெல்ல இழுத்தேன். மேல்தோல் கையோடு உருவி வந்துவிட்டது, உள்ளே நூல் போல ஒரு நரம்பு மட்டும் நின்றது. பதினோரு வேர்களில் எட்டு இப்படி. மூன்றே மூன்றுதான் கொத்தவரங்காய் போல விறைப்பாக இருந்தன. அந்த மூன்றை நம்பித்தான் செடியை ஒரு ஊறுகாய் பாட்டிலுக்கு மாற்றினோம்.

இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஃபலனாப்சிஸ் பற்றியது. அகலமான தடித்த இலை, வளைந்த தண்டில் வரிசையாக வெள்ளை அல்லது ஊதாப் பூ, பரிசாகக் கைமாறுகிற அந்த ஆர்க்கிட்தான். பிறப்பிடம் தென்கிழக்கு ஆசியா. அங்கே மண்ணில் வளர்வதில்லை, மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. மழை பெய்தால் வேர் நனையும், மழை விட்டதும் காற்றில் காயும். வேரைச் சுற்றி வெலாமன் என்றொரு உறை உண்டு. செத்த செல்களால் ஆன, பஞ்சு போன்ற உறை. காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிறைந்து வேர் வெள்ளியாகத் தெரியும். நனைந்தால் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். இந்த நிற மாற்றத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தொட்டியில் தண்ணீர் வடியாமல் நின்றால் வேருக்குக் காற்றுப் போகாது, மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேர் தண்ணீரை இழுக்காது. ஆகவே ஈரத்தின் நடுவில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுகிறது. நாம் அதைப் பார்த்து இன்னும் ஊற்றுகிறோம். அக்கா வீட்டில் நடந்தது இதுதான்.

அப்படியிருக்க, தண்ணீரால் கெட்ட செடியைத் தண்ணீரிலேயே வைப்பது எப்படிச் சரியாகும் என்று கேட்பீர்கள். பாட்டிலில் வேர் முழுக்க மூழ்குவதில்லை. நுனி மட்டும் தொடும், மீதி வேர் ஈரக்காற்றில் நிற்கும். தொட்டியில் போடுகிற, அழுகும் பாசியும் மரப்பட்டைத் துண்டும் கூட இல்லை. வேருக்கு என்ன ஆகிறது என்பதைக் கண்ணாடி வழியாக நாள்தோறும் பார்க்கலாம். எனக்கு இந்தக் கடைசிக் காரணமே பெரிதாகப் படுகிறது. தொட்டிக்குள் நடப்பது மாதக்கணக்கில் தெரியாமல் போவதால்தான் பாதி ஆர்க்கிட்டுகள் சாகின்றன.

இலை தொய்ந்து சுருங்கியிருக்கிறது

இந்த ஒரு அறிகுறிக்கு இரண்டு எதிரெதிர் காரணங்கள் உண்டு. தண்ணீர் போதாமல் போனாலும் தொய்யும், அதிகமாகி வேர் அழுகினாலும் தொய்யும். இலையை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். செடியைத் தொட்டியிலிருந்து எடுங்கள். வேர் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் தானாக இளகும்.

வேர்கள் வெள்ளையாக, தட்டையாகச் சுருங்கியிருந்து, ஊறியதும் பச்சையாகி விறைத்தால் அது வெறும் தாகம். பாட்டில் வைத்தியம் தேவையே இல்லை. அதே தொட்டியில் புதுப் பட்டையோடு வைத்து, ஒழுங்காகத் தண்ணீர் விட்டால் போதும்.

வேர் பழுப்பாக, அமுக்கினால் நசுங்குகிறதா? தோல் உருவி வருகிறதா? அப்படியென்றால் அழுகல். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: பாசிக்குள் இருட்டில் இருந்த வேர் பச்சையாக இருக்காது, மஞ்சளாகவோ வெளிர் பழுப்பாகவோ இருக்கும். அதனால் நிறத்தை நம்பாமல் விரலை நம்புங்கள். விறைப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது.

கத்தரிக்கோலை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஆறவிட்டு, அல்லது சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகியதையெல்லாம் நல்ல பகுதி வரும்வரை வெட்டுங்கள். நடுவில் சிக்கிய பாசியைக் குழாய்த் தண்ணீரில் அலசி எடுத்துவிடுங்கள். கட்டையின், அதாவது இலையும் வேரும் கிளம்புகிற குட்டைத் தண்டின், அடிப்பக்கத்தில் ஏதாவது வெட்டுப்பட்டிருந்தால் அங்கே மட்டும் கொஞ்சம் பட்டைப் பொடி, சமையலறையில் இருக்கும் லவங்கப்பட்டையை அரைத்தது, தொட்டு வைக்கலாம். வேரில் தூவ வேண்டாம், நல்ல வேரையும் அது காயவைத்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடை வேரில் ஊற்றி நுரை வருவதைப் பார்த்துச் சந்தோஷப்படுபவர்களும் உண்டு. அது அழுகலோடு நல்ல திசுவையும் சேர்த்தே சுடுகிறது, நான் தொடுவதில்லை.

வெட்டிய பிறகு செடியை ஒரு முழு நாள் நிழலில், காற்றோட்டமாகக் கிடத்துங்கள். வெட்டுவாய் காய வேண்டும். அவசரப்பட்டு அன்றைக்கே பாட்டிலில் வைத்துக் கெடுத்தவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருவன்.

அப்புறம் பாட்டில். வாய் அகலம் செடியின் கழுத்துக்குப் பொருந்த வேண்டும்: இலைகள் விளிம்பில் உட்கார வேண்டும், கட்டை உள்ளே விழக்கூடாது. அரை லிட்டர் கண்ணாடி பாட்டில் பெரும்பாலும் சரியாக வரும். தண்ணீர், வேரின் கடைசி மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் போதும். கட்டையில் தண்ணீர் படவே கூடாது.

முதல் வாரம் தினமும் காலையில் அரை மணி நேரம் மட்டும் தண்ணீர் வைத்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். மீதி நேரம் வெறும் பாட்டிலில் நிற்கட்டும். இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு நாள் தண்ணீர், ஐந்து நாள் காய்ச்சல், அதாவது தண்ணீரில்லாமல் காயவிடுவது. இந்த இரண்டுக்கு ஐந்து கணக்கைப் பலரும் பின்பற்றுகிறார்கள், ஆனால் அது வேதவாக்கு இல்லை. சென்னை போலக் கடற்காற்று ஈரமாக இருக்கும் ஊரில் ஐந்து நாள் தாங்கும். மதுரை, திருச்சி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே இருந்தால் மூன்றாம் நாளே வேர் சுண்ணாம்பு வெள்ளையாகி மடங்கத் தொடங்கும். அங்கே மூன்று நாள் தண்ணீர், இரண்டு நாள் காய்ச்சல் என்று வையுங்கள்.

சுருங்கிய இலை மறுபடி பளபளவென்று நிமிரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கொஞ்சம் தேறும், கோடுகள் அப்படியே இருக்கும். செடி பிழைத்ததா என்பதைப் புது வேரும் புது இலையும்தான் சொல்லும்.

பாட்டிலில் வைத்த இரண்டாம், மூன்றாம் வாரம் வேர் குழைகிறது

இந்த இடத்தில்தான் பலர் பயந்து செடியைத் தூக்கி எறிகிறார்கள். முன்பு பட்டையிலும் காற்றிலும் வளர்ந்த வேர், தண்ணீருக்குப் பழகாதது. அதில் ஒன்றிரண்டு கெட்டுப்போவது வழக்கம். தண்ணீரிலேயே பிறந்து வளரும் வேர் அந்த ஈரத்துக்குப் பழகியபடியே வளரும். ஆகவே பழைய வேர் போகும் வேகமா, புது வேர் வரும் வேகமா என்று பார்க்க வேண்டும்.

ஒன்றிரண்டு மட்டும் குழைந்தால் அதை மட்டும் வெட்டி, மறுபடி ஒரு நாள் காயவைத்து, தண்ணீர் அளவைக் குறைத்து வையுங்கள். எல்லா வேர்களும் ஒரே வாரத்தில் குழைந்தால் வேறு தவறு இருக்கிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது சூடு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம் ஆகிவிடும். சூட்டில் வேருக்குத் தேவையோ கூடுகிறது, அழுகல் கிருமிகளும் வேகமாகப் பெருகுகின்றன. சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்த கண்ணாடி பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள், டீ கிளாஸ் மாதிரி கொதிக்கும். பாட்டிலை வெயில் படாத, ஆனால் புத்தகம் படிக்கிற அளவுக்கு வெளிச்சம் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். கிழக்கு ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே எனக்குச் சரிப்பட்டது. பங்குனி முதல் ஆனி வரை, தண்ணீர் வைக்கும் நாட்களைக் குறைத்து, காய்ச்சல் நாட்களில் பாட்டிலின் அடியில் மட்டும் ஒரு விரல் தண்ணீர், வேரைத் தொடாமல், வைத்துவிடுவேன். ஆவி ஏறி வேரைக் காப்பாற்றும்.

இரண்டாவது சந்தேகம், கழுத்து வரை தண்ணீர் ஊற்றுவது. அன்பு மிகுதியில் செய்வதுதான். குறையுங்கள்.

வேரே மிச்சமில்லை

கட்டையும் இலையும் மட்டும் இருக்கின்றன. இதில் பொறுமை நிறைய வேண்டும், எல்லாச் செடிகளும் பிழைக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டையை அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக, உள்ளே வெளிர் பச்சையாக இருந்தால் வாய்ப்பு உண்டு. கறுத்துக் கொழகொழவென்று இருந்தால் இல்லை.

பூந்தண்டு இருந்தால் முதலில் அதை வெட்டுங்கள். மனசு வராது. ஆனால் இலையில் இருக்கும் கடைசிச் சேமிப்பையும் பூவும் மொட்டும் உறிஞ்சிவிடும். டென்ட்ரோபியம் என்ற இன்னொரு ஆர்க்கிட் மாதிரி தண்ணீர் சேர்த்து வைக்கும் குமிழ்த்தண்டு ஃபலனாப்சிஸுக்குக் கிடையாது. அதன் கிடங்கு இலையும் வேரும்தான், வேர் போன பிறகு இலை மட்டும்.

இந்தச் செடியை பாட்டில் வாயில் உட்காரவைத்து, தண்ணீர் மட்டத்தைக் கட்டைக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே நிறுத்துங்கள். தொடக் கூடாது, ஆவி மட்டும் பட வேண்டும். மேலே ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரைத் தளர்வாகக் கவிழ்த்து, தினமும் பத்து நிமிடம் திறந்து காற்றாட விடுங்கள். உள்ளே காற்று ஈரமாக இருந்தால் இலை இழக்கும் தண்ணீர் குறையும். உரம் இப்போது வேண்டாம், உறிஞ்ச வேர் இல்லை. இலையின் அடிப்புறத்தில் கடற்பாசிச் சாற்றை லிட்டருக்கு ஒரு மில்லி கலந்து பத்து நாளுக்கு ஒரு முறை பனி போலத் தெளிக்கலாம். குருத்துக்குள் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டையின் பக்கவாட்டில், இலைக்காம்பு சேரும் இடத்தைக் கிழித்துக்கொண்டு, பச்சைப் பட்டாணி முளைவிட்ட மாதிரி ஒரு முனை எட்டிப் பார்த்தால் அது வேர். ஆறு வாரத்திலும் வரலாம், நான்கு மாதமும் ஆகலாம். அது தானாக நீண்டு தண்ணீரைத் தேடி வரட்டும். தண்ணீரை உயர்த்தி அதைத் தேடிப் போகாதீர்கள்.

தண்ணீர் கலங்குகிறது, நாறுகிறது, பச்சை படிகிறது

நாற்றம் என்றால் எங்கோ அழுகல் பாக்கி இருக்கிறது. செடியை எடுத்து மறுபடி தேடுங்கள். பெரும்பாலும் கட்டைக்கு நேர் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு பழைய வேரின் அடித்தூர் இருக்கும்.

பச்சைப் படிவு, தண்ணீரில் தானாக வளரும் பாசிதான். செடிக்கு உடனடிக் கெடுதல் இல்லை, பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவே. பாட்டிலைச் சுற்றிப் பழுப்புக் காகிதமோ துணியோ சுற்றினால் குறையும். பார்க்க வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம்.

கொசுவைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த தண்ணீர் தேங்கும் இடத்தில் முட்டை இடும், நம் வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். எந்தப் பாட்டிலிலும் ஒரே தண்ணீரை மூன்று, நான்கு நாளுக்கு மேல் விடாதீர்கள். கொட்டும்போது உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். இரண்டுக்கு ஐந்து முறையில் இருப்பவர்களுக்கு இது தானாகவே நடந்துவிடும். அடியில் ஒரு விரல் தண்ணீர் விட்டு வைப்பவர்களும் இதை மறக்கக் கூடாது.

வேர் நுனி கறுத்து நின்றுவிட்டது, வேரில் வெள்ளைப் படிவு

வளரும் வேரின் நுனி பளபளக்கும் பச்சையாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். அது கறுத்து, கருகின மாதிரி நின்றால் தண்ணீரில் உப்பு அதிகம். நம் ஊரில் பல வீட்டு போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, ஆயிரத்தைத் தாண்டும். ஆர்க்கிட்டுக்கு 150-க்குள் இருந்தால் நல்லது. மழைத் தண்ணீர் முதல்தரம். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு குடம் பிடித்து, இறுக மூடி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆர்ஓ தண்ணீர். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாகிறதே என்று இதற்கு ஊற்றிவிடாதீர்கள், உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு இரவு வைத்திருந்து பயன்படுத்தலாம்.

உரமும் உப்புதான். புது வேர் இரண்டு அங்குலம் வந்த பிறகு, தண்ணீரில் கரையும் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்குக் கால் கிராம், மாதம் இரண்டு முறை. தேக்கரண்டிக் கணக்கில் போட்டால் வேர் கருகும், நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்ன எடைக்கருவி இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் பத்து கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து 25 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் கணக்குச் சரியாக வரும். உரத் தண்ணீருக்கு அடுத்த முறை வெறும் தண்ணீர் வையுங்கள்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதே கேள்வி. அடியில் இருக்கும் மிகப் பழைய இலை மெதுவாகப் பழுத்தால் விட்டுவிடுங்கள். அதிலிருப்பதை எடுத்துக்கொண்டு செடி புது வேர் விடுகிறது. இழுத்துப் பிய்க்க வேண்டாம், காய்ந்து தானாக வரும்.

நடுக் குருத்து மஞ்சளாகி, தொட்டதும் கையோடு வந்தால் குருத்தழுகல். இலைகளுக்கு நடுவில் தண்ணீர் தேங்கியதால் வருவது. அதற்குப் பாட்டில் முறையால் பயன் இல்லை. அழுகியதை வெட்டி, சுத்தமான துணியின் முனையால் ஈரத்தை ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள். ஃபலனாப்சிஸ் ஒரே குருத்தில் மேல்நோக்கி வளரும் செடி, குருத்து போனால் அந்தத் தண்டில் இனி இலை வராது. ஆனால் வேர் நன்றாக இருந்தால் சில மாதங்களில் அடியிலிருந்து பக்கக்கன்று வருவதும் உண்டு. இலையும் வேரும் பச்சையாக இருக்கும்வரை தூக்கி எறியாதீர்கள்.

புது வேர் தண்ணீருக்குள் போகாமல் வெளியே வளைகிறது

விட்டுவிடுங்கள். வளைத்து உள்ளே திணித்தால் முறியும். அது காற்று வேர், அதற்கும் வேலை இருக்கிறது.

டென்ட்ரோபியம், வாண்டா வைத்திருப்பவர்களுக்கு

டென்ட்ரோபியத்தை நீண்ட நாள் பாட்டிலில் வைத்து எனக்கு நல்ல பலன் கிடைத்ததில்லை. அதன் வேர் மெல்லியது, சீக்கிரம் அழுகும். சுருங்கிய தண்டைக் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போட்ட சின்னத் தொட்டியில் கட்டிவைத்து, தினமும் காலையில் நனைத்துவிடுவது மேல். வாண்டா என்ற ஆர்க்கிட் வேறு மாதிரி: வெறும் வேரோடு தொங்கவிட்டு, காலையில் இருபது நிமிடம் வாளித் தண்ணீரில் வேரை முக்கி எடுத்தால், வாடிய வாண்டாவும் தேறிவிடும்.

பாட்டிலிலிருந்து எப்போது எடுப்பது

நான்கைந்து புது வேர்கள் அரைச்சாண் நீளம் வந்து, ஒரு புது இலையும் விரிந்த பிறகு இரண்டு வழிகள். அப்படியே பாட்டிலில் தொடரலாம், பல வருடம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தொட்டிக்கு மாற்றினால், தண்ணீருக்குப் பழகிய வேர் பட்டையில் திடீரென்று காயும், மறுபடி ஒன்றிரண்டை இழக்க நேரும். அதனால் முதல் ஒரு மாதம் அடிக்கடி நனைக்க வேண்டும். செடி நன்றாக இருந்தால் எதற்கு மாற்ற வேண்டும் என்பது என் எண்ணம்.

அக்காவின் செடி பாட்டிலிலேயே இருக்கிறது. ஆடியில் வைத்த மூன்று வேர்களில் ஒன்று ஆவணியில் போனது. புரட்டாசியில் எதுவும் நடக்கவில்லை, அக்கா இரண்டு முறை நம்பிக்கை இழந்தார். ஐப்பசி மழையில் கட்டையின் இடப்பக்கம் ஒரு பச்சை முனை வெடித்தது. பதினைந்து நாளில் இன்னொன்று. தை பிறந்தபோது நடுவில் ஒரு இலை, என் சுண்டுவிரல் நீளம், சுருக்கமே இல்லாமல் மெழுகு பூசினது போல. காலையில் தண்ணீர் மாற்றும்போது அந்த வேர் வெள்ளியிலிருந்து பச்சையாக மாறுவதைப் பார்க்கவே அக்கா காபியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்.